எகனாமெட்ரிக்ஸ் ஆய்வாளராக வர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகனாமெட்ரிக்ஸில் (பொருளாதாரக் கேள்விகளுக்குப் புள்ளியியல் முறைகளால் டேட்டாவில் விடை தேடும் துறை) பிஎச்.டி. முடித்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு, பெரும்பாலும் ஆறேழு ஆண்டுகளில் நிரந்தரப் பணி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். முன்னணி ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவரவே சில ஆண்டுகள் ஓடிவிடும். எனவே எதில் காலத்தைப் போடுகிறோம் என்பது முக்கியம்.

கேள்வி இல்லாமல் முறையை மட்டும் துரத்துவதுதான் பெரிய தவறு. இருக்கிற எஸ்டிமேட்டரில் (டேட்டாவிலிருந்து ஓர் அளவைக் கணிக்கும் சூத்திரம்) ஒரு நிபந்தனையைத் தளர்த்தி, தேற்றத்தை மறுபடி நிரூபித்தால் கட்டுரை தேறும். ஆனால் அதை யார் பயன்படுத்துவார்கள்? பொருளாதார அறிஞர் ராபர்ட் எங்கிள் 1982இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில், ஏற்ற இறக்கத்தின் அளவு காலத்தோடு மாறுவதைக் கணிக்கும் ஆர்ச் மாதிரியை முன்வைத்தபோது, கட்டுரைத் தலைப்பிலேயே பிரிட்டனின் பணவீக்கம் இருந்தது. விலைவாசி எவ்வளவு நிச்சயமற்றது, அந்த நிச்சயமின்மை காலத்துக்குக் காலம் எப்படி மாறுகிறது என்ற கேள்வி முதலில் வந்தது. கணிதம் அதற்குப் பின்னால் வந்தது. 2003இல் கிளைவ் கிரேஞ்சருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

‘நான் தியரி ஆள், டேட்டா பக்கம் போக மாட்டேன்’ என்று ஒதுங்குவது இதோடு ஒட்டிய தவறு. தியரிக்கான நல்ல கேள்விகள், மற்றவர்களின் டேட்டா வேலை எங்கே உடைகிறதோ அங்கேதான் கிடைக்கின்றன. ஆங்கிரிஸ்ட், குரூகர் இருவரும் 1991இல், ஒருவர் பிறந்த காலாண்டைக் கருவி மாறியாக (படிப்பின் அளவோடு தொடர்புள்ள, ஆனால் வருமானத்தை நேரடியாகப் பாதிக்காத ஒன்று) வைத்து, படிப்பு கூடினால் வருமானம் எவ்வளவு கூடும் என்று கணித்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் டேட்டா அது. 1995இல் பவுண்ட், ஜேகர், பேக்கர் மூவரும், உண்மையான பிறந்த காலாண்டுக்குப் பதிலாகக் கணினி தற்செயலாகத் தந்த காலாண்டைப் போட்டுப் பார்த்தார்கள். அர்த்தமே இல்லாத அந்தக் கருவியிலிருந்தும் நம்பத்தகுந்தது போன்ற எண்களே வந்தன! டேட்டா எவ்வளவு பெரிதானாலும் பலவீனமான கருவி (படிப்போடு மிகக் குறைந்த தொடர்பே உள்ளது) பலவீனமானதுதான் என்று அதற்குப் பிறகே பலருக்கு உறைத்தது. பலவீனக் கருவிகள் பற்றிய ஆய்வு தனித் துறையாகவே வளர்ந்தது.

பெர்ட்ராண்ட், டஃப்லோ, செந்தில் முல்லைநாதன் 2004இல் செய்ததும் இந்த வகைதான். நடக்கவே நடக்காத சட்டங்களைக் கற்பனையாகப் போட்டு வழக்கமான முறையில் சோதித்தபோது, தற்செயலாக 5 சதவீதச் சோதனைகளில் மட்டும் வர வேண்டிய ‘விளைவு உண்டு’ என்ற விடை 45 சதவீதம் வரை வந்தது. திட்டப்பிழையை (ஒரு கணிப்பு எவ்வளவு நிச்சயமற்றது என்ற அளவு) எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற பழக்கமே இதனால் மாறியது. இப்படி ஒரு வேலைக்குக் கடினமான தேற்றம்கூடத் தேவைப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அப்புறம், கோட் தராமல் இருப்பது. ஹால்பர்ட் வைட் 1980இல் தந்த திட்டப்பிழைச் சூத்திரம் பொருளாதாரத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. இன்று ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ‘ரோபஸ்ட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், அது வந்துவிடும். உங்கள் முறையைப் பயன்படுத்த ஒருவர் நாற்பது பக்கப் பின்னிணைப்பைப் படித்துத் தானே நிரல் எழுத வேண்டும் என்றால், பெரும்பாலோர் பழைய முறையிலேயே இருந்துவிடுவார்கள். கட்டுரையோடு ஆர் (இன்னொரு புள்ளியியல் மென்பொருள்) அல்லது ஸ்டேட்டா பேக்கேஜையும் வெளியிடுங்கள்.

வேலைக்கு எடுக்குமுன் பல்கலைக்கழகம் கேட்கும் ஆய்வுரையில் பலர் முதல் அரை மணி நேரத்தைக் குறியீடுகளுக்கே செலவழிக்கிறார்கள். அறையில் இருப்பவர்களில் பாதிப் பேர் தொழிலாளர் பொருளாதாரமோ மேக்ரோவோ செய்பவர்கள். உங்களை எடுக்கலாமா என்று ஓட்டுப் போடுவதும் அவர்கள்தான். இப்போதுள்ள முறை எந்த டேட்டாவில், எவ்வளவு தப்பான விடை தருகிறது என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் காட்டுங்கள். தேற்றம் அதன் பிறகு வரட்டும்.