கத்திரி வெயிலில் குதிரையேற்றம்: பிள்ளைகளைப் பழக்கும் வீடுகளுக்கு

கத்திரி மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும். பள்ளி விடுமுறையும் அதே நாட்கள்தான். ஆகவே சென்னையில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்க நினைக்கும் வீடு முதலில் தன் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காலை 5.45-க்கெல்லாம் பொழுது விடிந்துவிடும். அப்போதே பிள்ளை சேணத்தில் இருக்க வேண்டும்; 7 மணிக்குள் குதிரை லாயத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மாலை வகுப்பு வசதியாகத் தெரியும். ஆனால் 5 மணிக்குக் கடற்காற்று வந்தாலும் பகலெல்லாம் வெந்த மணல் சூட்டைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த வெயில் பிள்ளையை விடக் குதிரையைத்தான் அதிகம் வாட்டும். குதிரையும் நம்மைப் போல வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. புழுக்கத்தில் வியர்வை காயாது. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோவதும் உண்டு. பத்து நிமிடம் ஓடியும் கழுத்து காய்ந்தே கிடக்கிறது, மூக்குத் துளை விரிந்து மூச்சு வாங்குகிறது என்றால், அந்தக் குதிரையில் அன்று பிள்ளையை ஏற்றாதீர்கள். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும்; விலா ஏறி இறங்குவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ ஒரு சுற்று போய்வருவது பயிற்சி ஆகாது. கயிறு குதிரைக்காரர் கையில் இருக்கும், பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். ஈசிஆர் பக்கம் பயிற்சிப் பள்ளி தேடுபவர்கள் முதலில் பிள்ளை இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா? சேணம் படும் முதுகில் புண் இருக்கிறதா? அங்கே வெள்ளை முடித் திட்டுகள் தெரிந்தால் பழைய சேணப் புண்ணின் தழும்பாக இருக்கலாம். பந்தயத்தில் ஓய்ந்த குதிரைகள் சில பள்ளிகளில் இருக்கும். உயரமும் அதிகம், சட்டென்று மிரளவும் செய்யும். ஏழு வயதுப் பிள்ளைக்கு மட்டக்குதிரைதான் சரி. கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் அளந்தால் அது 58 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆறு வயதுக்குக் கீழே அவசரப்பட வேண்டாம்.

சைக்கிள் தலைக்கவசம் போதாது. அது பின்மண்டையைச் சரியாக மூடாது. குதிரையேற்றத்துக்கென்றே வரும் கவசம் வேண்டும். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே டேப் வைத்துச் சுற்றளவை எடுத்து வாங்குங்கள். வாரைப் பூட்டாமலே தலையை ஆட்டினால் கவசம் நழுவக் கூடாது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல்: எண்ணெய் வழிய வாரிய தலையில் கவசம் வழுக்கும். சவாரி நாளில் எண்ணெய் வேண்டாம், பூவும் வேண்டாம், தாழ ஒற்றைப் பின்னல் போதும். கொலுசையும் கழற்றி வைத்துவிடுங்கள். காலணிக்கு அரை அங்குலக் குதிகால் அவசியம். அது இல்லாவிட்டால் சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையமான அங்கவடிக்குள் பாதம் முழுதாக நுழைந்து, விழும்போது மாட்டிக்கொள்ளும். ஜீன்ஸின் தடித்த தையல் தொடையைத் தேய்த்துப் புண்ணாக்கும், லெக்கிங்ஸே மேல். லாயத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும் என்பதால் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். இட்லி, பொங்கல் எல்லாம் திரும்பி வந்த பிறகு. வந்ததும் உப்புப் போட்ட நீர்மோரோ கேழ்வரகுக் கூழோ கொடுங்கள்.

முதல் நாள் ஏறவே வேண்டாம். குதிரைக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக அணுகப் பழக்குங்கள். காதைப் பின்னால் மடித்துப் படுக்க வைத்தால் கோபம் என்று பொருள், விலகிவிட வேண்டும். கேரட்டை விரலில் பிடித்துக் கொடுக்காமல், விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும்.

சேணம் பூட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்போது இறுகியிருக்கும் வயிற்று வார் பிறகு தளர்ந்துவிடும். ஏறும்போது சேணமே பக்கவாட்டில் உருளும். பூட்டும்போது, ஏறுமுன், ஐந்து நிமிடம் நடந்த பிறகு என மூன்று முறை சரிபாருங்கள். அங்கவடி நீளத்துக்கு எளிய கணக்கு: விரல் நுனியைச் சேணத்தில் வார் மாட்டும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடியின் அடி அக்குளைத் தொட வேண்டும்.

முதல் ஆறேழு வகுப்புகளுக்குக் கடிவாள வாரைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. பயிற்சியாளர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட, பிள்ளை குதிரையின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகட்டும். பணம் கட்டிய பெற்றோருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் உட்காரத் தெரியாத பிள்ளை தடுமாறும்போதெல்லாம் வாரில் தொங்கும். வாய்க்குள் இருக்கும் கடிவாள இரும்பு இழுபட்டுக் குதிரைக்கு வலிக்க, அது தலையை உதறும் அல்லது வேகமெடுக்கும். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை பொறுங்கள். கையை விரித்து உட்காருவது, அங்கவடி இல்லாமல் நடப்பது எல்லாம் இந்த வட்டத்துக்குள்ளேயே நடக்கட்டும்.

வேலிக்கு வெளியே நின்று “கெட்டியா பிடிச்சுக்கோ கண்ணா” என்று கத்துவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தப்பு. கெட்டியாகப் பிடித்தால் முட்டி இறுகும், குதிகால் மேலேறும், உடம்பு முன்னால் சாயும். விழுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. போட்டோவுக்குக் கூப்பிடுவதும் அப்படித்தான். கண் போகும் பக்கம் உடம்பும் சாயும்.

குதிரையின் குளம்படி நடையில் நான்கு தாளம், டிராட் என்னும் மெதுவோட்டத்தில் இரண்டு. டிராட்டில் ஒன்றுக்கு எழுந்து இரண்டுக்கு உட்கார வேண்டும். இதை முதலில் நிற்கும் குதிரையிலும், பிறகு நடையிலும் பழகிவிட்டால் ஓட்டத்தில் பிள்ளை பயப்படாது. வீட்டிலும் பழகலாம்: மாடிப்படியின் கடைசிப் படியில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைக் கீழே இறக்கி 30 விநாடி நிற்பது. நாளுக்கு ஐந்து முறை போதும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 20 நிமிடம். ஒருவர் ஏறியிருக்கும்போது மற்றவர் நிழலில் இன்னொரு சாதுவான குதிரையைத் தேய்த்துவிடலாம். குளம்பு சுத்தம் செய்வது மட்டும் ஆள் துணையோடு: கொக்கியைக் குதிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும், நடுவில் இருக்கும் ‘வி’ வடிவ மெத்தைச் சதையைக் குத்தக் கூடாது.

விழுந்தால் வாரை விட்டுவிட்டுக் குதிரையிடமிருந்து உருண்டு விலகச் சொல்லித்தாருங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்காதீர்கள், அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, வழக்கமில்லாமல் தூங்கி வழிந்தாலோ உடனே மருத்துவமனை. அடி வாங்கிய தலைக்கவசம் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், உள்ளே நொறுங்கியிருக்கும். தம்பிக்கு ஆகும் என்று எடுத்து வைக்காமல் தூக்கிப் போடுங்கள்.