கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சமூகத்தோடு பழகி அதன் வாழ்க்கையை எழுதும் இனவரைவியல் என்றதும் நம் மாணவர்கள் பலர் முதலில் வினாக்கொத்துத் தயாரிக்கிறார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால், கத்தோலிக்கரோடு சைவர்களும் பௌத்தர்களும் வந்திருப்பார்கள். ஒருவரை மறித்து, “நீங்கள் இந்து, ஏன் இங்கே வருகிறீர்கள்?” என்று கேட்டால், அந்தக் கேள்விக்கென்றே ஒரு பதில் செய்து தருவார். அவருக்கு அதில் முரண் எதுவும் தோன்றியிருக்காது. நாம்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம். யார் யாரோடு வருகிறார்கள், நேர்த்தி வைத்தவர் என்ன செய்கிறார், கூட வந்த பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று பல வாரம் பார்த்த பிறகு, நமக்கு எழும் கேள்வியே வேறாக இருக்கும். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை இருமுறை பசிபிக்கிலுள்ள திரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ளவர்களின் மொழியிலேயே பேசிப் பழகியது இதற்காகத்தான்.

ஒளிந்து பார்ப்பது வேறு விஷயம். அது கூடவே கூடாது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பைக் கண்ட இடம் அந்தக் கோயில். முன்பின் தெரியாத ஒருவர் குறிப்பேட்டோடு நின்றாலே சிலர் பதறலாம். யார், எதற்கு வந்திருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, முதலில் பேச வந்தவரையே சமூகத்தின் குரலாக எடுத்துக்கொள்வது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் என்ற முருகன் தேர் விழாவைப் பற்றிக் கேட்டால், கோயில் பரிபாலன சபைக்காரர் வரலாற்றை அழகாகச் சொல்வார். தேர் இழுப்பவரும், வழியில் அர்ச்சனைத் தட்டோடு காத்திருக்கும் பெண்ணும் சொல்வது வேறு விழாவாக இருக்கக்கூடும். “கொழும்புத் தமிழர்” என்ற ஒற்றைச் சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். வெள்ளவத்தையில் குடியேறிய வடக்குக் குடும்பம், புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் மலையக இளைஞர், வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் என எல்லாரையும் அதற்குள் அடக்க முடியாது.

களக்குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். கண்டது, கேட்டது, உங்களுக்குத் தோன்றியது மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. “கோயிலுக்கு எதிரே இடியப்பம் விற்கும் விதவை” என்று எழுதினால் கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவே அவரை அடையாளம் கண்டுவிடும். தொழிலையோ இடத்தையோ மாற்றுங்கள்; அவருக்குத் தீங்கு வரும் என்றால், எவ்வளவு நல்ல தகவலானாலும் விட்டுவிடுங்கள்.