காலும் மூச்சும் சொன்ன பேச்சுக் கேட்க: கபடிக்கும் மேடைக்கும் சுய ஹிப்னாசிஸ்

தை பிறந்தால் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் ஊருக்கு ஊர் கபடி. அதையொட்டியே திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. முழங்கால் அடிபட்டுத் தேறி வந்த கபடிக்காரரும், முதன்முறை பெரிய மேடையில் உட்காரும் நாகஸ்வரக்காரரும் சொல்வது ஒன்றேதான்: “பயிற்சியில வருது, அந்த நேரத்துல வரமாட்டேங்குது.” அந்த நேரத்துக்கான பயிற்சிதான் சுய ஹிப்னாசிஸ்.

ஹிப்னாசிஸ் என்றால் மை வைத்து மயக்குவதல்ல, தூக்கமும் அல்ல. 1840களில் இந்தப் பெயரைப் பரப்பிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். பிறகு அது தப்பு என்று உணர்ந்து ‘ஒற்றை எண்ணம்’ என்ற பொருளில் வேறு பெயர் வைத்துப் பார்த்தார், பழையதே ஒட்டிக்கொண்டது. அவருடைய இரண்டாவது பெயரை மனதில் வையுங்கள். பக்கத்தில் பம்புசெட் ஓடுவதுகூடக் காதில் விழாமல் ஒரே விஷயத்தில் ஆழ்ந்திருக்கிறீர்களே, அதுதான் அந்த நிலை. வலி, பதற்றம் இரண்டிலும் இதன் பலனுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. விளையாட்டில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தெரியாத பிடியை இது கற்றுத் தராது. கற்ற பிடியைப் பயம் மறைக்காமல் பார்த்துக்கொள்ளும்.

முதலில் உடம்பைச் சரிபாருங்கள். முழங்கால் ஜவ்வுக்கு (ஏசிஎல்) அறுவை செய்தவர் ஒன்பது மாதத்துக்குள் களமிறங்கினால் மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். அடிபட்ட காலின் பலம் மற்ற காலில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்லட்டும். அதன் பிறகும் மிச்சமிருக்கும் பயத்துக்குத்தான் ஹிப்னாசிஸ். “வலிக்காது” என்று ஒருபோதும் உங்களுக்கு நீங்களே சொல்லாதீர்கள். வலி ஒரு எச்சரிக்கை. அதை அமுக்கிவிட்டு ஆடினால் கால்தான் போகும். வலிப்பு நோய், மனச்சிதைவு, பழைய கொடுமையான சம்பவங்களின் பாதிப்பு உள்ளவர்கள் தனியாக முயல வேண்டாம். மனநல மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416.

அடுத்து, ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுங்கள். “தன்னம்பிக்கை வேண்டும்” என்பது மனதுக்குப் பிடிபடாது. கபடியில் பாடிப் போகிறவருக்கு (ரைடருக்கு) நடுக்கோட்டைத் தாண்டும் முதல் அடி, அடிபட்ட காலில் ஊன்றித் திரும்பும் நொடி. நாகஸ்வரக்காரருக்கு சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) உதட்டில் படும் நொடி.

அந்தக் கணத்துக்கு ஐந்து வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதுங்கள். பாடப்புத்தகத் தமிழில் எழுதினால் யாரோ அறிவுரை சொல்வதுபோல் கேட்கும், உள்ளே இறங்காது. நடந்துகொண்டிருப்பதாக எழுத வேண்டும். “பயப்படமாட்டேன்” என்றால் மனம் முதலில் பயத்தைத்தான் எடுத்துப் பார்க்கும், அதனால் அந்தச் சொல்லே வேண்டாம். இப்படி இருக்கலாம்:

“கோட்டத் தாண்டுறேன். கண்ணு அவங்க இடுப்புல நிக்குது. வலது கால் மண்ணுல நல்லா பதியுது. முட்டி மடங்குது, நிமிருது. திரும்பிட்டேன், மூச்சு ஓடிக்கிட்டே இருக்கு.”

இதில் வெற்றி, கோப்பை எதுவும் இல்லை. உடம்பு செய்யக்கூடியது மட்டுமே இருக்கிறது. நம்ப முடியாத வரியை எழுதினால் மனம் உள்ளுக்குள் மறுத்துப் பேச ஆரம்பிக்கும். எழுதியதை உங்கள் குரலிலேயே போனில் பதிவுசெய்யுங்கள், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மூச்சு இடைவெளி விட்டு.

இனி அமர்வு. மொத்தம் 15 நிமிடம். வயிறு முட்டச் சாப்பிட்டபின் வேண்டாம், படுத்துக்கொண்டும் வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து, கண் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இமை கனத்ததும் மூடுங்கள். வலக்கை கனமாகிறது, பிறகு கதகதப்பாகிறது என்று நினைத்து, இடக்கை, கால்கள் என்று நகருங்கள். கனம், வெதுவெதுப்பு என்ற இந்த வரிசை ஜெர்மானிய மருத்துவர் ஷுல்ட்ஸ் 1932இல் வகுத்த முறையிலிருந்து வருவது.

பிறகு காவிரிப் படித்துறையில் பத்துப் படி இறங்குங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு படி. ஏழாம் படியில் தண்ணீர் கணுக்காலைத் தொடுகிறது, பத்தாம் படியில் முழங்கால்வரை குளிர்கிறது. அடிபட்ட காலுக்கு இது தனிப் பயிற்சி: ஒவ்வொரு படியிலும் அந்தக் கால் எடையைத் தாங்குவதை உணருங்கள். தண்ணீருக்குப் பயப்படுகிறவர் வரப்பில் நடக்கட்டும்.

இப்போது பதிவை ஓடவிட்டு ஆட்டத்தை உங்கள் கண் வழியாகப் பாருங்கள், கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் அல்ல. ரைடுக்கு 30 விநாடி என்றால் மனதிலும் 30 விநாடி ஓட வேண்டும். மூன்று முறை ஓட்டுங்கள். அதில் ஒன்றில் கணுக்காலைப் பிடித்துவிடுகிறார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வெளியே போகிறீர்கள், மறுபடி உள்ளே வந்து அடுத்த ரைடு போகிறீர்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெற்றியை மட்டும் ஓட்டிப் பார்த்தவர், நிஜத்தில் முதல் பிடியிலேயே உடைந்துபோகிறார்.

மனம் அடங்கியிருக்கும்போது ஒரு செய்கையை அதோடு சேர்த்துக் கட்டுங்கள். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். களத்தில் இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவீர்கள் அல்லவா, அதுவே போதும். நாகஸ்வரக்காரர் சீவாளியை எச்சிலில் நனைப்பது அதைவிடப் பொருத்தம், எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. செய்கையோடு ஒரு நீண்ட வெளிமூச்சு. பயிற்சிக் களத்திலும் தினம் இதைச் செய்தால்தான் போட்டியன்று பிடிக்கும்.

வெளியே வரும்போது அவசரம் கூடாது. “கைகால் லேசாகுது” என்று சொல்லி, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, கைகளை மடக்கி நீட்டிவிட்டுக் கண் திறங்கள். கனத்தைக் கலைக்காமல் எழுந்தால் தலை கிறுகிறுக்கும். பத்து நிமிடம் கழித்தே வண்டி எடுங்கள். ஓட்டும்போது பதிவைக் கேட்கவே கூடாது.

போட்டிக்கு நான்கு வாரம் முன்பே தொடங்கி தினமும் செய்யுங்கள். முதல் வாரம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். ஆழமாகப் போகிறவர் சிலர், கொஞ்சமும் போகாதவர் சிலர், மற்றவர்கள் நடுவில், ஆழத்தை அளந்துகொண்டிருக்காதீர்கள். மனதில் விழுவதே திரும்பத் திரும்ப வந்தால், களத்துக்கு வெளியே நிற்கும் காட்சியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அடியாக உள்ளே வாருங்கள். போட்டியன்று முழு அமர்வு வேண்டாம், உடம்பு மந்தமாகிவிடும். செய்கையும் இரண்டு நிமிட மூச்சும் போதும்.

ஆளை வைத்துச் செய்வதானால் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். ஒரே அமர்வில் தீரும் என்பவரையும், முற்பிறவியைக் காட்டுகிறேன் என்பவரையும் விட்டு விலகுங்கள். இந்த நிலையில் தோன்றும் ‘நினைவுகள்’ நம்பத்தக்கவை அல்ல.

பலனை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் பயத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். பத்து ரைடில் எத்தனை முறை அந்தக் காலில் ஊன்றித் திரும்பினீர்கள் என்று கோட்டுக்கு வெளியே நிற்கும் நண்பர் எண்ணட்டும். பயம் 8லிருந்து 3க்கு இறங்கியும் திரும்பும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் குறை மனதில் இல்லாமல் தொடைத் தசையில் இருக்கலாம், பிசியோவிடம் போங்கள். மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தாலும் அப்படியே.