அட்டைப்பெட்டி ரயிலில் ஒரு பிறந்தநாள்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளை வீட்டிலேயே கொண்டாட ரயில்தான் என் முதல் தேர்வு. மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். மேலும் கீழும் வெட்டி, நாடா கட்டித் தோளில் மாட்டினால் ஆளுக்கொரு பெட்டி தயார். சாப்பாட்டுத் தட்டை வைத்துக் கறுப்புத் தாளில் வட்டம் வரைந்து வெட்டினால் சக்கரம். வாசலில் பெயர் எழுதிய டிக்கெட் கொடுத்து, காகிதத்தில் துளை போடும் கருவியால் ஓர் ஓட்டை போட்டு உள்ளே அனுப்புங்கள். அந்த 'டிக்' சத்தத்துக்காகவே பிள்ளைகள் மறுபடி வரிசையில் வந்து நிற்பார்கள்! சாப்பிட, சக்கரம் போலக் குட்டி ஊத்தப்பம் போதும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழு வேர்க்கடலை வேண்டவே வேண்டாம். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும். மதியத் தூக்கம் முடிந்த பிறகு, மாலை 4 மணிக்குத் தொடங்கினால் சிணுங்கல் குறையும்.