முட்டைப் பந்தை நேராக உதைப்பது எப்படி

மெல்போர்னில் இருக்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது, ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடுகிற முட்டைப் பந்து ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். முப்பது வருசம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். கன்னங்குறிச்சியில் ஓங்கி ஒரு உதை விட்டேன், டீக்கடைக் கூரைமேல் போய் விழுந்தது. கடைக்காரர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கோளாறு காலில் இல்லை, கையில். பந்தைச் செங்குத்தாகப் பிடியுங்கள், தையல் எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். வலது காலால் உதைப்பவர் இடது கையை முதலில் எடுத்துவிட்டு, வலது கையாலேயே பந்தைத் தொடைக்கு நேரே இறக்கி விடவேண்டும். தூக்கிப் போட்டால் கெட்டது. கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஆடாமல் இறங்கணும். கால்விரலை நீட்டி, கணுக்காலை விறைப்பாக வைத்து, ஷூ லேஸ் கட்டும் இடத்தால் கீழ்நுனியில் அடியுங்கள். சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டபடி நேராகப் போகும். இதற்கு டிராப் பன்ட் என்று பெயர். முதல் வாரம் பத்தடி தூரம் போதும்.

ஏற்காட்டில் பனி இறங்கிய நேரத்தில் வேண்டாம். ஈரப் பந்து கையில் நிற்காது. சரிவில் உருண்டால் காப்பித் தோட்டத்துக்குள்தான் தேடணும்.

"பதினெட்டு வயசாச்சு சார், இனிமே வருமா?" என்று கேட்கிற பையன்களுக்கு ஜிம் ஸ்டைன்ஸ் கதையைச் சொல்வேன். டப்ளின்காரர். உருண்டைப் பந்தில் ஆடும் அயர்லாந்துக்காரர்களின் கேலிக் (Gaelic) கால்பந்து ஆடியவர், 1984இல் 18 வயதில்தான் மெல்போர்ன் கிளப்புக்கு வந்தார். 1991இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம். 1987 முதல் 1998 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 244 ஆட்டம் ஆடினார். 2012இல் புற்றுநோயில் இறந்தபோது வயது 45தான்.

ஆனால் 1987ஐயும் சேர்த்துத்தான் சொல்வேன். இறுதிக்கு முந்தைய ஆட்டம், ஹாதர்ன் அணியின் பக்கனாரா கோலுக்கு உதைக்க நின்றார். அப்படி நிற்பவருக்கு முன்னால் எதிரணிக்காரர் குறுக்கே ஓடக் கூடாது. ஸ்டைன்ஸ் ஓடிவிட்டார். தண்டனையாக 15 மீட்டர் முன்னால் போய் உதைத்தார் பக்கனாரா. ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்த பிறகு கோல், 6 புள்ளி. மெல்போர்ன் 2 புள்ளியில் தோற்றது.

அதனால் எங்கள் மைதானத்தில், உதைப்பவன் நிற்கும் இடத்துக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன்.