மருந்து தொடங்கிய தேதிதான் கணக்கைத் திருத்தியது

பழைய கோப்புகளை வைத்துச் செய்த ஆய்வு. புற்றுநோயாளிகளில் ஸ்டேட்டின் மாத்திரை எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்ந்ததாக முடிவு வந்தது. ஆனால் உயிர்வாழ்வு வரைபடத்தில் இரு கோடுகளும் முதல் சில வாரங்களிலேயே விலகின. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை அவ்வளவு விரைவில் புற்றுநோயைத் தடுக்குமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கோப்புகளைப் புரட்டினேன். பலருக்கு மாத்திரை தொடங்கியதே நோய் கண்டறிந்து மாதங்கள் கழித்துத்தான். அதுவரை பிழைத்திருந்தவர்களுக்கே அது கிடைத்தது; முன்பே இறந்தவர்கள் எல்லோரும் ‘எடுக்காதவர்கள்’ பக்கம் சேர்ந்துவிட்டார்கள். காத்திருந்த காலம் முழுவதும் மருந்தின் கணக்கில் வரவாகியிருந்தது. இதயமாற்று அறுவை சிகிச்சையின் தொடக்க கால ஆய்வுகளில் இருந்ததும் இதே சிக்கல்தான்; புள்ளியியலாளர்கள் மான்டெலும் பயாரும் 1974-இல் அதற்கு வழி காட்டினார்கள்.

ஒவ்வொருவரின் காலத்தையும் மருந்து தொடங்கிய நாளில் வெட்டினேன். அதற்கு முன் எடுக்காதவர், பின் எடுத்தவர். அட்டவணையில் ஒரே நோயாளிக்கு இரண்டு வரிகள். உயிர்வாழும் காலத்தைப் பல காரணிகளோடு இணைத்துக் கணக்கிடும் காக்ஸ் மாதிரியில் மருந்தைக் காலத்தோடு மாறும் காரணியாகச் சேர்த்தேன். சரிபார்க்க, ஆறாம் மாத முடிவில் உயிரோடு இருந்தவர்களை மட்டும் அதற்குள் மருந்து தொடங்கியவர், தொடங்காதவர் எனப் பிரித்து, அங்கிருந்து நாட்களை எண்ணினேன். இரண்டு வழியிலும் பலனில் பெரும்பகுதி கரைந்தது.

தொடங்கிய தேதி இல்லாத கோப்புகளை ஊகத்தால் நிரப்பவே கூடாது. ஓரளவு திடமாக இருப்பவருக்கே மருத்துவர் கூடுதல் மாத்திரை எழுதுவார் என்ற சாய்வு இந்த முறையால் தீராது. வயதையும் நோயின் நிலையையும் மாதிரியில் தனியே சேர்க்க வேண்டியிருந்தது.