அறிபவரும் அறியப்படுவதும்: இஸ்லாமியத் தத்துவத்தில் இக்கேள்வியைப் படிக்கும் முறை

அறிபவருக்கும் அறியப்படுவதற்கும் உள்ள உறவை இஸ்லாமியத் தத்துவத்தில் படிக்கப் புகுவோர், அவ்விரண்டும் ஒன்றே என்ற ஈரானியத் தத்துவஞானி முல்லா ஸத்ராவின் முடிவிலிருந்து தொடங்காமல், அதை மறுத்த இப்னு சீனாவிடமிருந்து (980–1037) தொடங்குவதே நல்லது.

அதற்கும் முன்னால் ஓர் எடுத்துக்காட்டைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வியாபாரி ஒரு விரலியை ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்துத் தரத்தைக் கணிக்கிறார். அவர் மனத்தில் பதிந்த வடிவம் நேரடியாக அறியப்படுவது. கையிலுள்ள விரலியோ அவ்வடிவத்தின் வழியாக அறியப்படுவது. இவ்விரண்டையும் தனித்தனியே எழுதிவைக்காமல் மேலே போக வேண்டாம். பெரும்பாலான குழப்பங்கள் இங்குதான் பிறக்கின்றன.

வடிவத்தின் வழியே வரும் இந்த அறிவுக்கு இல்முல் ஹுஸூலி என்று பெயர். அதே வியாபாரியின் விரலில் கோணி ஊசி ஏறிவிட்டால், வலியை அறிய அவருக்கு வலியின் வடிவம் எதுவும் தேவைப்படுவதில்லை. இடையில் வடிவமின்றி நேரடியாக வரும் இந்த அறிவு இல்முல் ஹுளூரி. ஒருவர் தம்மை அறிவதும் இவ்வகையே என்றார் 1191இல் அலெப்போவில் கொல்லப்பட்ட தத்துவஞானி ஸுஹ்ரவர்தி. என்னை ஒரு வடிவத்தின் வழியாக அறிந்தால், அவ்வடிவம் எனக்கு 'அது' ஆகுமே தவிர 'நான்' ஆகாது என்பது அவர் வாதம்.

இனி இப்னு சீனாவின் இஷாராத் என்ற நூலில் ஏழாம் பகுதியைப் படிக்கலாம். அறிபவர் அறியப்படுவதாகவே ஆகிவிடுகிறார் என்பதை அவர் அங்கே இப்படி மறுக்கிறார். ஒன்று மற்றொன்றாகிவிட்டது என்றால், முன்னது நீடிக்கிறதா, அழிந்ததா? இரண்டும் நீடித்தால் அவை இரண்டே. ஒன்று அழிந்திருந்தால் அங்கே இணைவதற்கு எதுவும் இல்லை. இறைவன் தன்னை அறியும் நிலையில் இந்த ஒருமையை இப்னு சீனாவே ஏற்கிறார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸத்ராவின் (மறைவு 1640 என்பது மரபு) அஸ்ஃபார் என்ற நூலை இந்த மறுப்புக்கான விடையாகப் படித்தால்தான் அது பிடிபடும். ஆன்மா, வடிவங்கள் வந்து தங்கும் முடிந்துபோன கலம் அன்று. தன் சாரத்திலேயே இயங்கி வலுப்பெறும் இருப்பு அது என்றும், அறிதலே அந்த வளர்ச்சி என்றும், ஆகவே முன்னது அழியாமலேயே நிறைவடைகிறது என்றும் அவர் கூறுகிறார். ஒன்றாவது மனத்திலுள்ள வடிவத்தோடுதான், மூட்டையிலுள்ள விரலியோடு அன்று. இருப்பின் முதன்மை (பொருளின் 'என்ன' என்பதைவிட அதன் இருப்பே அடிப்படை), சார இயக்கம் (பொருள் தன் சாரத்திலேயே மாறி இயங்குகிறது) ஆகிய கொள்கைகளை ஏற்காதவருக்கு இந்த விடை நிற்காது என்பது என் கருத்து. எனவே அவற்றை முதலில் படித்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பேரூர்ப் பக்கம் சைவ சித்தாந்தம் கற்றவர்களுக்கு 'சார்ந்ததன் வண்ணமாதல்' (உயிர் தான் சேர்ந்ததன் தன்மையைப் பெறுதல்) உடனே நினைவுக்கு வரும். ஒப்பிடலாம், ஆனால் ஸத்ராவின் வாதத்தை முழுவதும் எழுதி முடித்த பிறகே ஒப்பிட வேண்டும். அதற்கடுத்து, தனிப்பொருள்களை இறைவன் அறியும் விதம் குறித்துத் தத்துவவாதிகளை இறையியலாளர் கஸ்ஸாலி கண்டித்த தஹாஃபுத் என்ற நூலை எடுக்கலாம்.